கோயில் மைக்கில் என் வீட்டுக்காரர் பெயர்

என் கணவருக்குப் புற்றுநோய் என்பதை எனக்குச் சொன்னது எங்கள் கோயில் ஒலிபெருக்கி. டாக்டர் சொல்லவில்லை, அவர் சொல்லவில்லை, அவருடைய அக்கா சொல்லவில்லை. நான் குசினிக்குப் பின்னால் பலகை போட்டு உட்கார்ந்து கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஸ்பீக்கர் சொன்னது.

கணவாய் கழுவுவது எனக்குப் பிடிக்காத வேலை. வழுவழுவென்று கையில் நழுவும். உள்ளேயிருக்கிற மைப்பை உடைந்தால் விரலெல்லாம் கறுப்பு. கடற்கரையில் பிறந்து கடற்கரையிலேயே வாழ்க்கைப்பட்ட ஒருத்திக்கு மீனைத் தொட அருவருப்பா என்று மாமியார் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அருவருப்புதான், அதற்கு நான் என்ன செய்ய? மீன் மட்டுமல்ல. அடுத்தவர் வாய் வைத்த டம்ளர், பஸ்ஸில் மேலே உரசுகிற ஈரச் சட்டை, கல்யாண வீட்டில் எடுக்காமல் கிடக்கும் எச்சில் இலை, நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் நர்சரி பள்ளியில் மூக்கொழுகிக்கொண்டு வந்து மடியில் சாயும் பிள்ளைகள், எல்லாமே எனக்குக் குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். புகுந்த வீட்டில் எனக்கு வைத்த பட்டப்பெயரே ஓங்காளம். "ஓங்காளம் வாரா, வெத்தல எச்சியத் துடைங்கலே" என்று கொழுந்தன்மார் கேலி செய்வார்கள். நான் கோபப்பட்டதில்லை. உண்மையைத்தானே சொல்கிறார்கள்.

சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம்; அதன் கோபுரத்தில் நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள். விடிகாலைப் பூசைக்கு முன்னால், அன்றைய பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று, ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வாசிப்பார். செத்தவர்களின் ஆண்டு நினைவு, கப்பலுக்குப் போனவன் பத்திரமாகத் திரும்ப, விசா கிடைக்க, பரீட்சையில் பாஸாக, கடன் தீர என்று வரிசையாக வரும். தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நாங்கள் பெரும்பாலும் தோசைக்கல்லின் முன்னால் நின்றபடி இப்படித்தான் தெரிந்துகொள்வோம். கொஞ்சம் வெட்கங்கெட்ட வழக்கம்தான். ஆனால் பெயர் வந்தால் ஆசீர்வாதம் என்று எல்லோரும் எழுதிக் கொடுப்பார்கள்.

"புற்றுநோயால் துன்புறும்" என்று உபதேசியார் தொடங்கியபோது, யாரோ பாவம் என்றுதான் நினைத்தேன். அடுத்து என் கணவரின் பெயர் வந்தது. அப்போதும் எனக்குப் பயமில்லை. ஒரே புனிதரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஒருவனுக்கு அவர் பெயரை வைத்தால் தெருவில் அதே பெயரில் நாலைந்து பேர் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் உபதேசியார் எதையும் அரைகுறையாக விடாதவர். ஆண்டவருக்கு ஆள் மாறிவிடக் கூடாதே என்று, துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் போட்டில் இன்ஜின் டிரைவராகப் பணிபுரியும், தண்ணீர் டேங்குக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும், என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். நலம் பெற வேண்டி ஒப்புக்கொடுப்பவர் அவருடைய உடன்பிறந்த அக்காள், என்று முடித்தார். பிறகு அடுத்தவருக்கான வேண்டுதல். பிறகு பாட்டு.

தண்ணீர் டேங்குக்கு அடுத்த வீட்டில் எங்களைத் தவிர யாருமில்லை.

அழுகை வந்திருக்க வேண்டும் என்று இதை வாசிக்கிறவர்கள் எதிர்பார்க்கலாம். வரவில்லை. கையிலிருந்த கணவாயைக் கசக்கிப் பிழிந்திருக்கிறேன், மை முழங்கைவரை வழிந்தது. எனக்கு வந்தது அருவருப்பு. என் வீட்டுச் சமாச்சாரம் ஊரார் வாயில் எச்சிலாகி, கடைசியில் குழாய் வழியாக என் கொல்லையில் வந்து விழுந்திருக்கிறது. அதைத்தான் முதலில் உணர்ந்தேன். நோய் என்ற ஒன்று மனதில் ஏற இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஏறியதும் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த ஆரம்பித்தது. அவர் வாய்ப்புண் என்று சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. நானும் மணத்தக்காளிக் கீரையில் தேங்காய்ப்பால் விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆத்தூர் வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் அரை நாள் தாங்காத மனிதர், திடீரென்று வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டார். எனக்கு எவ்வளவு நிம்மதி. ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று மகளிடம் போனில் பெருமையடித்தேன். பிறகு வீட்டுக்குள்ளேயே முகக்கவசம் போட ஆரம்பித்தார். துறைமுகத்தில் நிலக்கரித் தூசி அதிகம், இருமல் வருகிறது என்றார். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். படுக்கையும் மாடிக்குப் போனது. கயத்தாறில் கூட வேலை பார்ப்பவர் வீட்டில் காதுகுத்து என்று அக்காவோடு கிளம்பிப் போனவர், சட்டையெல்லாம் ஆஸ்பத்திரி வாடையோடு திரும்பினார். காதுகுத்து வீட்டில் என்ன டெட்டால் வாடை என்று கேட்டேன். பிள்ளை காதில் சீழ் பிடிக்காமலிருக்கத் தடவினார்கள் என்றார். சீழ் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

பூசை முடிவதற்குள் எதிர்வீட்டுக்காரி வந்துவிட்டாள். கையில் ஒரு மக்ரூன் இனிப்புப் பாக்கெட். துக்க வீட்டுக்கு வருவதா விசேஷ வீட்டுக்கு வருவதா என்று முடிவெடுக்க முடியாமல் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஒனக்கு இப்பந்தான் தெரியுமாளா?" என்று கேட்டாள். என் பதிலுக்குக் காத்திருக்காமல் கணவாய்ச் சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஜெபமாலைக் கூட்டத்துல அவுக அக்கா சொல்லி அழுதாவ. ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு எங்க எல்லார்ட்டயும் சொன்னாவ. எடது கன்னத்துக்குள்ளதானாமே. நாக்குக்கு இன்னும் வரலையாம்லா?"

எந்தப் பக்கக் கன்னம் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் தன் சித்தப்பாவுக்கு இதே வியாதி வந்த கதையைத் தொடங்கினாள். கன்னத்தில் ஓட்டை விழுந்ததாம். கஞ்சி ஊற்றினால் அந்த வழியாக வடியுமாம். ஈ மொய்க்குமென்று கடைசியில் கொசுவலைக்குள்ளேயே வைத்திருந்தார்களாம். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, என் முகத்தில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள். வராததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நல்ல ருசியான பண்டத்தைத் தின்கிற மாதிரி அவள் உதடு ஈரமாகியிருந்தது.

"மக்ரூன எடுத்துட்டுப் போ. இங்கன திங்கிறதுக்கு ஆளில்ல" என்றேன்.

"வருத்தத்துல பேசுத" என்று பெருந்தன்மையாக எழுந்து போனாள். பாக்கெட்டை வைத்துவிட்டுத்தான் போனாள். போகிற வழியில் நாலு வீட்டு வாசலில் நின்று, நான் அழவில்லை என்பதைச் சொல்லியிருப்பாள்.

மகளுக்குப் போன் செய்தேன். அவள் கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். மணி அடித்து எடுத்ததும் "அம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது, இவளுக்கும் தெரியும். போனை வைத்துவிட்டேன். நான் பெற்று, பீத்துணி அலசி வளர்த்த பிள்ளை. அதையும் வாந்தியெடுத்துக்கொண்டேதான் அலசினேன், ஆனால் அலசினேன்.

அதற்குள் மைனி வந்துவிட்டார். என் கணவரின் அக்காவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். பூசைக்குப் போட்ட முக்காடு இன்னும் தலையில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீ ஞாயித்துக்கெழமைதானளா பூசைக்கு வாரவ. அதான் வாரநாளாப் பாத்து எழுதிக் குடுத்தேன். பேரும் வியாதியும் மட்டுந்தான் குடுத்தேன். அந்த உபதேசியார் இப்பிடி விலாசம் சேத்து வாசிப்பாருன்னு நான் கண்டனா?"

"ஸ்பீக்கர் இருக்கு மைனி."

"எது?"

"கோபுரத்துல. ஸ்பீக்கர்."

மைனி வாயைத் திறந்தபடி நின்றார். ஆயுசு முழுக்க அந்தக் கோயிலுக்குள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பூசை கண்டவர். உள்ளே வாசிப்பது வெளியே துறைமுகம்வரை கேட்கும் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. என் வீட்டு ரகசியத்தை இவ்வளவு கவனமாக மூடி வைத்து, பிறகு அதைக் கொண்டுபோய் மைக்கின் வாயில் வைத்திருக்கிறார். வேறொரு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முக்காட்டால் மூக்கைச் சிந்தினார். அதே முக்காட்டால் கண்ணையும் துடைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஃபாதரிடம் சொல்லி வைத்திருப்பதாகவும், ஒரு நாள் வந்து அவஸ்தை பூசிவிட்டுப் போவார் என்றும் சொன்னார். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு அது. குணமாவதற்காகவும் பூசலாம் என்று இப்போதெல்லாம் ஃபாதர்மார் பிரசங்கத்தில் சொல்கிறார்கள். எங்கள் ஆட்கள் காதில் அது ஏறுவதில்லை. அவஸ்தை பூசிவிட்டார்கள் என்றால் சவப்பெட்டிக்கு அளவு கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். நடமாடிக்கொண்டிருக்கிற மனிதருக்கு, டூட்டி முடிந்து பைக்கில் வந்துகொண்டிருக்கிற மனிதருக்கு, இவர் எண்ணெய்க்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"எங்கிட்ட மட்டும் ஏன் மைனி சொல்லல?" என்று கேட்டேன்.

"அவன்தான் சத்தியம் வாங்குனான்."

"அதான் ஏன்?"

மைனி தரையைப் பார்த்தார். "கோவப்படாதளா. அவ பாத்தா ஓங்கரிப்பா, அதப் பாத்துட்டு என்னால இருக்க முடியாதுக்கான்னு சொன்னான். ஆப்ரேசனும் வேண்டாம்னுட்டான்."

என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். கயத்தாறு காதுகுத்து என்று போன அன்றைக்குத்தான் டாக்டர் சொன்னாராம். இன்னும் பரவவில்லை, இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட்டால் தன் கையில் ஒன்றுமில்லை என்று. கன்னத்தின் உள்பக்கத்தை வெட்டியெடுத்து, தொடையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைப்பார்களாம். கொஞ்ச நாளைக்கு மூக்கு வழியாகக் குழாயில்தான் கஞ்சி. எச்சில் வடியும், நாற்றமிருக்கும், வீட்டில் ஒருவர் வாயைக் கழுவிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

"யாரு பாப்பான்னு டாக்டர் கேட்டாரு. இவன் பேசாம இருந்தான். வெளிய வந்து எங்கிட்ட சொல்லுதான், என் பொண்டாட்டியால அதெல்லாம் முடியாதுக்கா, அவ சங்கடப்படுததுக்கு நான் இப்பிடியே இருந்துட்டுப் போறேன்னு. நான் வந்து பாக்கேன்டான்னேன். கேக்கமாட்டேங்கான்."

இதைக் கேட்டு எனக்கு மனசு உருகிப்போனது என்று எழுதினால் பொய். எனக்கு அவர் மேல் வந்த வெறுப்புக்கு அளவில்லை. புருஷன் பெண்டாட்டியாக இத்தனை வருஷம். என் குமட்டலை ஒரு காரணமாகப் பிடித்துக்கொண்டு சாகத் தயாராகிவிட்டார். அதைத் தியாகம் என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறார். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் இரக்கப்பட்டுத் தலையாட்டியிருப்பார்கள். பாவம் மனுசன், அந்த ஓங்காளத்துக்குப் பயந்தே போய்ச் சேரப் போறான். இப்படி ஒரு அசிங்கத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போகப் பார்த்திருக்கிறார். இதோடு பார்த்தால் எந்த எச்சில் இலையும் எனக்கு ஒன்றுமில்லை.

வாசலில் பைக் வந்து நின்றது. உள்ளே வந்தவர் மைனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துறைமுகத்தில் யாராவது போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். முகத்தில் முகக்கவசம்.

மைனி எழுந்தார். "நான் பொறவு வாரேன்" என்று சொல்லி தம்பியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். நல்லவேளை, எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"மாஸ்க்கக் கழட்டுங்க" என்றேன்.

"சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

"சாப்பாடு இல்ல. கணவாய அப்பிடியே போட்டுட்டேன். கழட்டுங்க."

கழற்றினார். இடது தாடை லேசாக உப்பியிருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாளாக இந்த முகத்தை நான் முழுசாகப் பார்க்கவில்லை. வாடை வந்தது. மாடிப்படியில், தலையணை உறையில், வராந்தாவில் எங்கேயோ எலி செத்துக் கிடப்பதாக நினைத்து நான் பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்த அதே வாடை.

"ஊரே பாத்தாச்சு. ஒங்க அக்கா பாத்தாச்சு. கூட வேல பாக்குற அத்தன பேரும் பாத்தாச்சு. நான் மட்டும் பாக்கக்கூடாதோ?"

"ஊருல எவன் மொகஞ்சுளிச்சாலும் போவுதுன்னு விட்டுருவேன். நீ சுளிச்சா நான் எங்கன போவேன்ளா?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், மழை வருமா என்று கேட்கிற மாதிரி. அழுதால் அவர் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார், பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் கோபத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஓங்கரிக்கமாட்டேன்னு ஒங்ககிட்ட சத்தியம் பண்ண முடியாது. எனக்கு வரும். கல்யாணத்தன்னைக்கி ஒரே டம்ளர்ல பால் குடிக்கச் சொன்னப்பமே வந்துச்சு, நீங்க பாத்திய. வந்தா வந்துட்டுப் போவுது. அதுக்குப் பயந்து சாவேன்னு சொல்லுதியளே, ஒங்களுக்கு வெக்கமா இல்லையா? வாயத் தொறங்க."

"வேண்டாம். நாறும்."

"நாறும்னு தெரியும். வீடு பூரா நாறுது. தொறங்க."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். வலித்திருக்கும், முனகினார். நான் கையை எடுக்கவில்லை. பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். முழுசாகத் திறக்க வரவில்லை, இரண்டு விரல் நுழைகிற அளவுதான்.

போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். காவி ஏறிய பற்கள். இடது கன்னத்தின் உள்பக்கம் வெளுத்துத் தடித்த ஓரம், நடுவில் குழிந்த சிவப்பு, அதன் மேல் மஞ்சளாக ஒரு படலம். அது ஈரமாக இருந்தது. மூச்சு விடும்போது அந்த வாடை நேராக என் முகத்தில் அடித்தது.

வயிறு எழும்பியது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. கொல்லைக்கு ஓடிப்போய்ச் சாக்கடை ஓரத்தில் குனிந்து வாந்தியெடுத்தேன். காலையில் குடித்த காப்பி முழுவதும் போனது. அதற்குப் பிறகும் வெறும் ஓங்காளமாக வந்துகொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது எதனால் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது அவர் பின்னால் செம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார். முகக்கவசத்தைத் திரும்பப் போட்டிருந்தார்.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்றார்.

செம்பை வாங்கி வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். முகத்தைக் கழுவி முந்தானையில் துடைத்தேன். கிட்டப் போய் அவர் காதிலிருந்து முகக்கவசத்தின் கயிற்றை எடுத்துவிட்டேன்.

"நாளைக்கு டாக்டர்ட்ட நாந்தான் கூட வருவேன். ஆப்ரேசனுக்கு நாள் கேக்கணும். இப்பம் அவசரத்துல சரியாப் பாக்கல" என்றேன். "வெளிச்சத்துக்கு வாங்க. திரும்பத் தொறங்க."